ஒரே ஒரு தோல்வி, ஆட்டம் முடிந்தது: டி.பி.டி. கூடைப்பந்துப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சீசன் முடிந்து அரங்குகள் காலியாகக் கிடக்கும் ஜூலை மாதத்தில் ஒரு போட்டி நடக்கிறது. பெயர் ‘தி பாஸ்கெட்பால் டோர்னமென்ட்’, சுருக்கமாக டி.பி.டி. தோற்றால் வெளியே, கடைசிவரை தோற்காத ஓர் அணிக்கு முழுப் பணமும். சொல்லிக் கேட்டால் சூதாட்டம்போலத் தோன்றும். ஆனால் கூடைப்பந்தை நேசிக்கிற யாரும் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டிய போட்டி இது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இதை ஆரம்பித்தது யார், எப்போது?

ஜோனதன் முகர் என்பவர் 2014-ல் தொடங்கினார். முதல் ஆண்டில் 32 அணிகள், பரிசு 5 லட்சம் டாலர். நோட்ரடேம் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்களின் அணி வென்றது. அடுத்த ஆண்டே அணிகள் 97 ஆயின, பரிசு 10 லட்சம் டாலர் ஆனது. 2016 முதல் 2019 வரை 20 லட்சம். 2020-ல் மீண்டும் 10 லட்சத்துக்கு இறக்கினார்கள்.

இரண்டாம் இடத்துக்கு எவ்வளவு?

பரிசில் ஒன்றும் கிடையாது. நம்ப முடியாமல் பலரும் இதை மறுபடி கேட்கிறார்கள். இறுதிப்போட்டியில் ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றாலும் முதல் சுற்றிலேயே போனவருக்கும் அவருக்கும் பரிசுக் கணக்கில் வேறுபாடு இல்லை.

இது கொடுமை இல்லையா என்றால், கொடுமைதான். ஆனாலும் மாற்றக்கூடாது என்பது என் கருத்து. இரண்டாம் பரிசு என்று ஒன்று வைத்துவிட்டால், அரையிறுதியை வென்ற அணிக்கு அந்த இரவு நிம்மதியாகத் தூக்கம் வந்துவிடும். இப்போது வருவதில்லை. இறுதிப்போட்டியில் யார் கையிலும் இல்லாமல் ஓடும் பந்துக்காக முப்பது வயது கடந்தவர்கள் தரையில் விழுந்து உருள்வதை வேறெங்கும் இவ்வளவு பார்க்க முடியாது.

பணத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்?

அது அணியின் உள் விவகாரம். யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். வீரர்கள் மட்டுமல்ல, கோச், அணியைக் கூட்டிச் சேர்த்த மேலாளர், சில நேரம் ஆதரித்த அறக்கட்டளை என்று பங்கு போகும். 10 லட்சத்தை 12 பேர் சமமாகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 83,000 டாலர். அதிலும் வருமான வரி போகும். என்.பி.ஏ. நட்சத்திரத்துக்கு அது பெரிய தொகை இல்லை. போலந்திலோ துருக்கியிலோ ஒரு சீசன் முழுக்க ஆடிச் சம்பளம் வாங்குகிறவருக்கு, சில வாரத்தில் கிடைக்கும் அந்தப் பணம் வீட்டுக் கடனை அடைக்கும்.

தொடக்க ஆண்டுகளில் பரிசில் ஒரு பகுதி, அணிக்கு ஆதரவு திரட்டிய ரசிகர்களுக்கும் போனது. போட்டியில் இடம் கிடைப்பதே அப்போது ரசிகர் ஆதரவைப் பொறுத்துத்தான் இருந்தது.

யார் ஆடலாம்? என்.பி.ஏ. நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஆடுவாரா?

ஆடமாட்டார். என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர்களை இங்கே பார்க்க முடியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை: ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று வெளிநாட்டு லீக்குகளில் தொழில்முறையாக ஆடுபவர்கள், என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக்கில் ஆடுபவர்கள், என்.பி.ஏ.வில் ஆடி முடித்தவர்கள். மூன்றாம் வகைக்கு ஜோ ஜான்சன் நல்ல உதாரணம். நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் என்.பி.ஏ. ஆல் ஸ்டார் ஆட்டங்களில் ஏழு முறை இடம்பெற்றவர், 2020-ல் இங்கே வந்து ஆடினார்.

ஜூலையில் நடத்துவதற்கும் இதுதான் காரணம். வெளிநாட்டு லீக்குகள் மே, ஜூன் மாதங்களில் முடிகின்றன. அடுத்த சீசனுக்கான பயிற்சி ஆகஸ்டில் தொடங்கும். வீரர்கள் ஊரில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

அணிகளின் பெயர்களே விசித்திரமாக இருக்கின்றனவே?

நிறைய அணிகள் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த பழைய கூட்டாளிகளின் அணிகள். ஒஹாயோ ஸ்டேட் ஆட்கள் ‘கார்மென்ஸ் க்ரூ’, மார்க்வெட் ஆட்கள் ‘கோல்டன் ஈகிள்ஸ்’, பஃபலோ ஆட்கள் ‘புளூ காலர் யு’. சிராகியூஸில் படித்தவர்கள் தங்கள் பழைய கோச் ஜிம் பேஹைம் பெயரில் ‘பேஹைம்ஸ் ஆர்மி’ என்று வைத்துக்கொண்டார்கள். கல்லூரிக் கூடைப்பந்து என்றால் உயிரை விடும் நாடு அது. பத்து வருடம் முன்பு தங்கள் ஊர் ஜெர்ஸியில் ஆடிய பையன் மறுபடி வருகிறான் என்றால் ஊரே அரங்குக்குத் திரண்டு வரும்.

இன்னொரு வகை, ஒரு நோக்கத்துக்காகச் சேரும் அணிகள். ‘டீம் சேலஞ்ச் ஏ.எல்.எஸ்.’, நரம்பு நோயான ஏ.எல்.எஸ்.ஸால் பாதிக்கப்பட்ட பீட் ஃப்ரேட்ஸுக்காகத் திரண்டது. தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவாலை உலகெங்கும் பரப்பிய அதே ஃப்ரேட்ஸ்தான். 2017 இறுதிப்போட்டி வரை போய் 86–83 என்று தோற்றார்கள். ‘சைட்லைன் கேன்சர்’ அணி கணையப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஆடுகிறது.

நாக் அவுட் முறையில் சிறந்த அணிதான் ஜெயிக்கிறதா, அதிர்ஷ்டசாலி ஜெயிக்கிறானா?

நேர்மையான பதில்: இரண்டும். கணக்கைப் பாருங்கள். 64 அணிகள் என்றால் மொத்தம் 63 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும், ஒன்று மட்டும் மிஞ்சும். கோப்பை வெல்ல 6 ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். உங்கள் அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்புள்ள பலமான அணி என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 26 சதவீதம்தான். அதாவது எல்லோரும் ‘இவர்கள்தான் சாம்பியன்’ என்று கைகாட்டும் அணி, நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு வெறுங்கையோடு வீடு திரும்பும். 90 சதவீதம் என்றாலும் ஆறு ஆட்டத்துக்கு 53 சதவீதம், ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான்.

2020-ல் இது கண்முன் நடந்தது. நடப்புச் சாம்பியன் கார்மென்ஸ் க்ரூ முதலிடத் தரவரிசையோடு வந்தது. தங்கள் சொந்த ஊரான கொலம்பஸில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே இல்லினாய் முன்னாள் மாணவர் அணியிடம் தோற்றது. அதே ஆண்டில் 24 அணிகளில் 22-ஆம் தரவரிசையில் இருந்த சைட்லைன் கேன்சர் இறுதிப்போட்டிக்குப் போனது.

அப்படியென்றால் ஓவர்சீஸ் எலீட் எப்படி நான்கு முறை வென்றது?

அதனால்தான் அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் போட்டியைப் பற்றிப் பேச முடியாது. 2015, 2016, 2017, 2018 என்று தொடர்ந்து நான்கு கோப்பைகள். பரிசு மொத்தம் 70 லட்சம் டாலர். நான்கு கோடைகளில் ஒரு தோல்விகூட இல்லை.

மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் 90 சதவீத வாய்ப்புள்ள அணி, ஆண்டுக்கு 6 ஆட்டம் என்று நான்கு ஆண்டும் வெல்ல வாய்ப்பு சுமார் 8 சதவீதம். அந்த 8 சதவீதத்தை நிஜமாக்கினார்கள். பெயர் சொல்வதுபோலவே வெளிநாட்டு லீக்குகளில் ஆடியவர்கள்தான்: டி.ஜே. கென்னடி, கைல் ஃபாக், எரிக் மெக்காலம். எரிக், என்.பி.ஏ. வீரர் சி.ஜே. மெக்காலமின் அண்ணன். தம்பி உலகப் புகழ் பெற்றார், அண்ணன் துருக்கியிலும் சீனாவிலும் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். என்.பி.ஏ. என்ற ஒற்றைக் கதவுக்கு வெளியே எவ்வளவு திறமை நிற்கிறது என்பதை இந்த அணியைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

முதல் தோல்வி 2019 அரையிறுதியில் வந்தது. வீழ்த்திய கார்மென்ஸ் க்ரூ, இறுதிப்போட்டியில் கோல்டன் ஈகிள்ஸை 66–60 என்று வென்று 20 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது.

‘ஈலம் எண்டிங்’ என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. பணப்பரிசைவிட இதுதான் டி.பி.டி. கூடைப்பந்துக்குக் கொடுத்த பெரிய கொடை என்று உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமான கூடைப்பந்தின் கடைசி இரண்டு நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல், அதாவது விதிமீறல், செய்யும். கடிகாரம் நிற்கும். எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் வீசும் ஃப்ரீ த்ரோ. டைம் அவுட். மறுபடி ஃபவுல். முன்னால் இருக்கும் அணியோ புள்ளி எடுக்க முயலாமல், நேரத்தைக் கரைக்கப் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கும். நாற்பது நிமிடம் ஓடிய ஆட்டம் கடைசியில் நொண்டியடிக்கும். நிக் ஈலம் என்ற கல்வியாளருக்கு இது பொறுக்கவில்லை. டேடன் நகரில் நடுநிலைப் பள்ளி முதல்வராக இருந்தவர், பிறகு பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளை அலசிப் பார்த்தார். இந்த ஃபவுல் உத்தி பலன் தருவது மிக அரிது என்று கண்டார். அவர் சொன்ன தீர்வு: கடைசிக் கட்டத்தில் கடிகாரத்தையே அணைத்துவிடுங்கள்.

டி.பி.டி.யில் ஆட்டம் 9 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. நான்காவது கால்பகுதியில் 4 நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது ஆட்டம் முதன்முறை நிற்கிற கணத்தில் கடிகாரம் அணைக்கப்படும். முன்னிலையில் இருக்கும் அணியின் புள்ளியோடு 8-ஐக் கூட்டினால் அதுதான் இலக்கு. முதலில் தொடுகிறவர் வென்றார்.

ஓர் உதாரணம். 3 நிமிடம் 48 நொடி இருக்கும்போது விசில். ஸ்கோர் 70–64. இலக்கு 78. முன்னால் இருப்பவருக்கு 8 புள்ளி தேவை, பின்னால் இருப்பவருக்கு 14. இனி நேரத்தைக் கரைக்க வழியில்லை, கரைக்க நேரமே இல்லை. முன்னால் இருப்பவரும் கூடையில் போட்டுத்தான் ஜெயிக்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஃபவுல் செய்தால் எதிரிக்கு இலவசமாகப் புள்ளி கொடுப்பதாகும். ஆக, துரத்த ஒரே வழி, நன்றாகத் தடுத்துவிட்டு மறுமுனையில் போடுவது. கூடைப்பந்து என்றால் அதுதானே!

2017-ல் தகுதிச் சுற்று ஆட்டங்களில் மட்டும் சோதித்தார்கள். 2018 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தது. அப்போது 7-ஐக் கூட்டினார்கள், 2019-ல் 8 ஆக்கினார்கள்.

அப்படியானால் கடைசி நொடியில் பந்தை வீசிப் போடும் அழகு போய்விடுமே?

மணி ஒலிக்கும்போது காற்றில் இருக்கும் பந்து போய்விடும், உண்மைதான். அந்த இழப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பதிலுக்குக் கிடைப்பது, ஒவ்வோர் ஆட்டமும் வெற்றிப் புள்ளியோடு முடிவது. எப்போதாவது ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். 20 புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்துக்கும் ஒரு கடைசிக் கூடை உண்டு, அதைப் போட்டவர் உண்டு. சமநிலை, கூடுதல் நேரம் என்ற பேச்சும் இல்லை.

2021 இறுதிப்போட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. டேடனில் பேஹைம்ஸ் ஆர்மிக்கும் டீம் 23-க்கும். இலக்கு 69. ஒரு கட்டத்தில் டீம் 23 கையில் 67, பேஹைம்ஸ் ஆர்மி கையில் 66. ஒருவருக்கு இரண்டு புள்ளி போதும், மற்றவருக்கு மூன்று. இரு பக்கமும் ஒரே வீச்சில் 10 லட்சம் டாலர். கடிகாரம் இல்லாததால் யாருக்கும் அவசரம் இல்லை, ஆனால் தடுப்பவர் ஒரு கணம் அசந்தால் போச்சு. பந்து கீஃபர் சைக்ஸ் கைக்கு வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். விழுந்தது. 69–67.

அதுவரை என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர் சைக்ஸ், ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிவிட்டு வந்திருந்தார். அந்த ஆண்டே இந்தியானா பேசர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. டிசம்பரில் என்.பி.ஏ. களத்தில் இறங்கினார். ஒரு வீச்சால் மட்டும் அது நடந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் போட்டி பலரின் கண்ணை அவர் பக்கம் திருப்பியது.

இந்த விதியை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா?

என்.பி.ஏ.வே எடுத்துக்கொண்டது. 2020 ஆல் ஸ்டார் ஆட்டத்தில், அதற்குச் சில வாரங்கள் முன்பு மறைந்த முன்னாள் நட்சத்திரம் கோபி பிரையன்ட் நினைவாக, அவருடைய ஜெர்ஸி எண்ணான 24-ஐ முன்னிலைப் புள்ளியோடு கூட்டி இலக்கு 157 என்று வைத்தார்கள். ஆந்தனி டேவிஸின் ஃப்ரீ த்ரோவில் 157–155 என்று முடிந்தது. பொதுவாக யாரும் தடுத்தாடாத காட்சி ஆட்டம் அது. அன்று கடைசிக் கால்பகுதியில் அத்தனை நட்சத்திரங்களும் உடம்பை வருத்தித் தடுத்தார்கள். கனடாவின் சி.இ.பி.எல். லீக்கும் 2020 முதல் இந்த முறையைப் பின்பற்றுகிறது.

கொரோனா காலத்தில் என்ன செய்தார்கள்?

நிறுத்தவில்லை. 24 அணிகளாகச் சுருக்கி, கொலம்பஸ் நகரில் ஒரே அரங்கில், பார்வையாளர் இல்லாமல், 2020 ஜூலை 4 முதல் 14 வரை நடத்தி முடித்தார்கள். என்.பி.ஏ. ஆர்லாண்டோவில் மறுபடி தொடங்கியது ஜூலை 30-ல்தான். விதி கடுமையானது: ஓர் அணியில் ஒருவருக்குத் தொற்று உறுதியானாலும் மொத்த அணியும் வெளியே. அப்படிச் சில அணிகள் பந்தைத் தொடாமலே போயின. அந்த வீரர்களுக்கு மனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. கோல்டன் ஈகிள்ஸ் 78–73 என்று சைட்லைன் கேன்சரை வென்றது.

‘பை’ என்றால் என்ன?

அணிகளின் எண்ணிக்கை 16, 32, 64 என்று இரண்டிரண்டாய்ப் பெருகும் எண்ணாக இல்லாவிட்டால் சில அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். அந்தச் சலுகைதான் பை. 2020-ல் 24 அணிகளில் முதல் 8 அணிகளுக்குக் கிடைத்தது. ஓர் ஆட்டம் குறைவு என்பது ஆபத்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எதிரி ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடிக் கை சூடாகி வந்திருப்பான், நீங்கள் இன்னும் அரங்கின் வெளிச்சத்துக்கே பழகியிருக்கமாட்டீர்கள். கார்மென்ஸ் க்ரூ விழுந்தது அப்படி ஓர் ஆட்டத்தில்தான்.

சொந்த ஊரில் ஆடும் அணிக்குச் சாதகம் இல்லையா?

உண்டு. தொடக்கச் சுற்றுகள் பல நகரங்களில் பிரித்து நடக்கும். விசிட்டா, சிராகியூஸ் போன்ற ஊர்களில் அந்த ஊர் அணிக்காகவே கூட்டம் வரும். டிக்கெட் விற்றால்தான் போட்டி நடக்கும் என்பதால் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்நிய அரங்கில் பல்லாயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே ஜெயிக்கும் அணிக்கு எப்போதும் கூடுதலாகக் கைதட்டுவேன்.

சமீபத்தில் யார் யார் வென்றார்கள்?

2022-ல் புளூ காலர் யு. 2023-ல் ஹார்ட்ஃபயர். 2024-ல் கார்மென்ஸ் க்ரூ, இரண்டாம் முறையாக. இந்தப் போட்டியில் ஒன்றுக்கு மேல் கோப்பை வைத்திருக்கும் அணிகள் மிகக் குறைவு. அதிர்ஷ்டம் பற்றி மேலே கேட்டவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நான்காவது கால்பகுதியில் 4 நிமிடம் நெருங்கும்போது கோச்சுகளைப் பாருங்கள். அடுத்த விசிலில் இலக்கு உறுதியாகப் போகிறது. இலக்கு முன்னிலை அணியின் புள்ளியை வைத்துத்தான் வருவதால், பின்தங்கிய அணிக்கு அந்த விசிலுக்கு முன் போடும் கூடை இடைவெளியைக் குறைக்கும், இலக்கை உயர்த்தாது. முன்னிலை அணி அதே நேரத்தில் ஒரு கூடை போட்டால் இலக்கும் இரண்டு ஏறிவிடும். அந்தச் சில நொடிகளில் பின்தங்கியவர்கள் வேகம் கூட்டுவார்கள்.

இலக்கு அறிவித்த பிறகு தடுப்பவர்களின் கைகளைப் பாருங்கள். எதிரிக்கு ஒரு புள்ளி மட்டும் தேவைப்படும்போது ஃபவுல் செய்வது கோப்பையைக் கையில் கொடுப்பதற்குச் சமம். அதுவரை அடித்துப் பிடித்து ஆடியவர்கள் அப்போது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, காலால் மட்டும் வழி மறிப்பார்கள். பந்தோடு தடுப்பைத் துளைத்து உள்ளே போகும் கார்டு வீரருக்கு அது பொற்காலம்.

இதே மாதிரி வேறு விளையாட்டில் உண்டா?

அதே அமைப்பாளர்கள் 2023-ல் வட கரோலினாவின் கேரி நகரில் ‘தி சாக்கர் டோர்னமென்ட்’ தொடங்கினார்கள். அணிக்கு ஏழு பேர், 10 லட்சம் டாலர், வென்றவருக்கு முழுவதும். அங்கேயும் கடைசியில் கடிகாரத்துக்குப் பதில் இலக்கு கோல் கணக்குத்தான். முதல் கோப்பையை நியூடவுன் பிரைட் என்ற அமெச்சூர் அணி தூக்கிக்கொண்டு போனது.